பானெட்டில் ஏறிய முறம்

எங்கள் அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு பதினோரு நாள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் நான். அந்தப் பதினோரு நாளும் அந்த அக்கா எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே தொண்டையைச் செருமிக்கொண்டு போவாள். அம்மா துடைப்பத்தை எடுத்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி வைப்பாள். நான் நடுவில் உட்கார்ந்து கையில் மருதாணி வைத்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணுக்கு உண்டான அடக்கத்தோடு தலையைக் குனிந்திருந்தேன். திருடியவள் நான்தான். இத்தனை வருஷம் கழித்து இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அப்போதும் அதிகம் இருந்ததில்லை.

திருடியது அம்மாவின் முறம்.

வருஷம் தொண்ணூற்றொன்று. அந்த வைகாசியில் எங்கள் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் எதனால் உலகத்துக்கெல்லாம் தெரிந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்லத் தகுந்த ஆளும் நான் இல்லை. நான் சொல்வது அதற்கு மூன்று மாதம் கழித்து ஆவணியில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நடந்தது.

அந்தக் கொட்டகை என் அண்ணனுடையது. அவன் தண்டலத்தில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார்ப் பந்தயத்துக்கென்று தடம் போட்டாலும் போட்டார்கள், அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பந்தய நாளில் மதில்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவான். வந்து, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வாயாலேயே கியர் போடுவான். பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை வாங்கி வந்தான். அந்த ஊரில் கார் முழுவதும் துண்டு துண்டாகப் பெட்டியில் வந்து இறங்குமாம். புருஷனும் பொண்டாட்டியும் வீட்டு வாசலில் உட்கார்ந்து பூட்டி, ஓட்டிக்கொண்டு போவார்களாம். எங்களுக்குப் பெட்டி வரவில்லை. காயலான் கடைதான் எங்கள் பெட்டி. ஏலத்தில் போன ஜீப்பின் அடிச்சட்டம், ஓடி ஓய்ந்த ஒரு டாக்ஸியின் எஞ்சின், நான்கு வகையான நான்கு சக்கரம். நம்பர் பிளேட் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். போலீஸ்காரரே ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை.

உடம்பு மட்டும் நான் கொடுத்தது. நான் வேலை செய்தது பஸ் சீட் செய்கிற ஃபைபர் பட்டறையில். அச்சின் மேல் கண்ணாடி நார் விரித்து, ரெசின் என்கிற பிசினைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உரித்து எடுப்பது என் வேலை. அந்த நார்த் தூள் உடம்பில் பட்டால் அரிக்கும் பாருங்கள், எதிரிக்கும் வரக் கூடாது. பவுடர் போட்டுக்கொண்டு, முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்து சீட் எடுப்பேன். பட்டறையில் என்னைவிட வேகமாக எடுக்க ஆள் இல்லை. அண்ணனின் காருக்கு மூக்கு, முதுகு, மட்கார்டு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போட்டுக் கொடுத்ததுதான். கதவு கிடையாது, தாண்டிக் குதித்துத்தான் உட்கார வேண்டும். கூரை கிடையாது. இரண்டு பேருக்குத்தான் இடம். ஆனால் பார்க்க லட்சணமாக இருந்தது. என் கைவேலை, அப்படித்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பூந்தமல்லியில் ஃபிட்டர். நான் காபித் தட்டோடு வந்து நிற்கிறேன், அவர் ஜன்னல் வழியாகக் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை, "ரேடியேட்டர் ரொம்ப சின்னதா கீதே மச்சான்" என்பது. எனக்கு அந்த நிமிஷமே ஆளைப் பிடித்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து ஈ என்று இளித்த இரண்டு பேரை அதற்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று நான் மனசார ஆசைப்பட்டேன். அதை மறைக்கவும் இல்லை.

அவருடைய மூக்கின் வலது பக்கத்தில் மூக்குத்தி போட்டு எடுத்த மாதிரி ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அவர்கள் போனதும் அண்ணன் பிடித்துக்கொண்டான். "உனுக்கு ஒண்ணு, மாப்ளைக்கு ஒண்ணு, ரெண்டு மூக்குத்தி செய்யணும் போல கீதேடி" என்று ஒரு வாரம் என் உயிரை வாங்கினான்.

மாப்பிள்ளையின் அம்மா கறாரான மனுஷி. சிரித்தால் செலவாகிவிடும் என்பது போல உட்கார்ந்திருந்தார். சீர் என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மாப்ள அழைப்புக்கு வண்டி மட்டும் நல்லதா இருக்கணும். என் தங்கச்சி கல்யாணத்துல மாப்ள வண்டி பாதி வழியில நின்னுடுச்சி. தள்ளிகினு வந்தாங்க. ஆறே மாசம், அவ பொறந்த வூட்டுக்கு வந்துட்டா. எம்புள்ள வண்டி நின்னுச்சின்னு வெச்சிக்கோ, அங்கியே எறக்கிக் கூட்டினு பூடுவேன். அப்பறம் என்னை ஒண்ணும் சொல்லக் கூடாது."

மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு எத்தனையோ திறந்த கார் கிடைக்கும். அம்மா அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திவிட்டான்.

"என் காரு கீது அத்தை. கோயில்லேர்ந்து மண்டபம் வரைக்கும் பூ மாதிரி கூட்டினு வருவேன்."

அம்மா அவனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். மாப்பிள்ளையோ மனம் குளிர்ந்துபோய்த் தலையை ஆட்டினார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது எங்கள் வீட்டில் காபியும் பஜ்ஜியும் கொடுத்து உட்கார வைக்கப்பட்டது.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது எஞ்சினைச் சட்டத்தில் இறக்கி, பானெட்டை மூடினால், மூடவில்லை. எஞ்சின் தலைமேல் இருக்கிற காற்று வடிகட்டி நான்கு விரல்கடை உயரம் அதிகம். அளவெடுத்தது அண்ணன். ஆனால் கோணலாகப் போனது என் ஃபைபர் என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் சொன்னேன். அவன் ரம்பத்தை எடுத்து, என் அழகான பானெட்டில் சோற்றுப்பானை மூடி அளவுக்கு ஓர் ஓட்டை போட்டான். இப்போது பானெட் மூடியது. ஓட்டை வழியாக வடிகட்டி வானத்தைப் பார்த்தது.

ஆவணி மாதம். சாயங்காலமானால் செம்பரம்பாக்கம் பக்கமிருந்து மேகம் கட்டிக்கொண்டு வரும். ஓட்டையில் மழைத் தண்ணீர் இறங்கினால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் என் கல்யாணம் நிற்கும். ஆகவே அந்த ஓட்டைக்கு ஒரு மூடி வேண்டும். வெறும் மூடி போதாது என்றான் அண்ணன். பந்தயக் கார்களில் பானெட் மேல் வாயைத் திறந்துகொண்டு ஒரு புடைப்பு இருக்குமாம், எதிர்க்காற்று அதன் வழியே நேராக எஞ்சினுக்குள் போகுமாம். பத்திரிகையில் படம் காட்டினான். களிமண்ணைக் குழைத்து அந்த மாதிரி ஓர் அச்சும் செய்தான். காய வைத்திருந்த அச்சின் மேல் தெரு நாய் ஒன்று ஏறிப் படுத்து, தன் அச்சைப் பதித்துவிட்டுப் போனது.

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அடுப்படிச் சுவரைப் பார்த்தேன். ஆணியில் அம்மாவின் முறம் மாட்டியிருந்தது.

நீங்களே நினைத்துப் பாருங்கள். முறத்தைக் கவிழ்த்து வையுங்கள். வாய்ப் பக்கத்தை இரண்டு செங்கல் துண்டால் தூக்கிவிடுங்கள். முன்னால் அகலமாக வாய், பின்னால் வளைந்து இறங்கிய முதுகு. வெளிநாட்டுக்காரன் எங்கள் வீட்டு அடுப்படியைப் பார்த்துத்தான் அதைச் செய்திருக்க வேண்டும்.

"ஏண்டி, அம்மா கொன்னுடும்" என்றான் அண்ணன்.

"ஒரு மணி நேரம்ண்ணா. அச்சு எடுத்துட்டு ஆணியில மாட்டிடலாம். அதுக்குத் தெரியவே தெரியாது."

அச்சு எடுக்கிற தொழிலில் ஒரு சட்டம் உண்டு. அச்சின் மேல் மூன்று கோட்டு, அதாவது மூன்று பூச்சு, மெழுகு தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய பிறகுதான் ரெசினைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அச்சும் பொருளும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகளாகிவிடும். இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லித் திட்டுவதே நான்தான். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, பட்டறை பூட்டியிருந்தது, மெழுகு உள்ளே இருந்தது. கல்யாணப் பரிசாக முதலாளி கொடுத்த ஒரு டப்பா ரெசின் மட்டும் என்னிடம் இருந்தது. அம்மா கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் முடிய வேண்டும்.

"மெழுகு இல்லியேடி" என்றான் அண்ணன்.

"தேங்காண்ணெய் போதும், எனுக்குத் தெரியும். நீ செங்கல்ல புடி" என்றேன்.

அந்த "எனுக்குத் தெரியும்" என்பது இருக்கிறதே, அதுதான் என்னை வாழ்நாள் முழுவதும் மாட்டிவிட்டுக்கொண்டிருக்கிறது. மூங்கில் முறம் தேங்காயெண்ணெயைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டது. அதற்கு மேல் ரெசினையும் பின்னலுக்குள் இழுத்துக்கொண்டது. காய்ந்த பிறகு நான் இழுத்தேன், அண்ணன் இழுத்தான். அவன் முறத்தைக் காலால் மிதித்துக்கொள்ள, நான் ஃபைபரைப் பிடித்து இழுத்தேன். திருப்புளியால் நெம்பினோம். முறம் அசையவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பழமொழி. முழு முறத்தை ஃபைபரில் மறைத்தது நாங்கள்.

அதற்குள் வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. வேறு வழி இல்லை. முறத்தோடேயே மாட்டிவிடுவது என்று கண்ணாலேயே முடிவு செய்தோம்.

ராத்திரி கைத் துளைப்பானால் நான்கு மூலையிலும் துளை போட்டோம். சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி அடியில் கொடுத்து, நான்கு போல்ட் வைத்தோம். அண்ணன் லாரிக்குப் பூட்டுகிற மாதிரி ஸ்பானரைப் போட்டு இறுக்க, ஒரு மூலை பட்டென்று கீறல் விட்டது. ஃபைபரைக் கையிறுக்கத்துக்கு மேல் இறுக்கக் கூடாது என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, கீறலுக்குப் பட்டி பூசிக் கொடுத்தேன். மறுநாள் சிவப்பு பெயின்ட் அடித்தான். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயில் சாய்வாக விழும்போது மட்டும் பின்னல் வரி வரியாகத் தெரியும். டீக்கடையில் கேட்டவர்களிடம், "அது காத்த வாங்குற டிசைனு" என்று அண்ணன் கூசாமல் சொன்னான்.

இந்தப் பக்கம் அம்மா முறத்தைத் தேட ஆரம்பித்தாள். கல்யாண அரிசி புடைக்க வேண்டும். அது சாதாரண முறமும் இல்லை. உடைந்த விளிம்பை நீல நைலான் கயிற்றால் அவளே சுற்றிக் கட்டியது. முந்தின நாள்தான் வெந்தயமும் பழைய பேப்பரும் ஊற வைத்து அரைத்து, ஓட்டை அடைபடும்படி இரண்டு பக்கமும் தடவி, காய வைத்து மாட்டியிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை முறத்தை இரவல் கேட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை முறம் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று அம்மா மறுத்திருக்கிறாள். போதாதா?

"கேட்டா குடுக்கல, அதான் கேக்காம எடுத்துகினு பூட்டா" என்று அம்மா தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"யாரு வூட்டு மொறம் யாருக்கு வேணும்? எங்க வூட்ல மூணு மொறம் கீது" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

அந்த அக்கா சின்ன வயசில் எனக்குத் தலை பின்னிவிட்டவள். பாவமாகத்தான் இருந்தது. சொல்லிவிடலாமா என்று ஒரு தடவை வாய் வரை வந்தது. சொன்னால் அம்மா ஸ்பானரை எடுத்து முறத்தைக் கழற்றுவாள், ஓட்டை திறக்கும், மழை வரும், வண்டி நிற்கும். வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது நெடுஞ்சாலையில் எங்கு பார்த்தாலும் போலீஸ் சோதனை. சோதனை ஓட்டம் போன அண்ணனை நிறுத்தி, ஒரு கான்ஸ்டபிள் அந்த வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாராம்.

"உள்ள இன்னாய்யா?"

"காத்து சார்."

"பாய் மாதிரி ஏதோ பின்னி வெச்சிக்கீதே?"

"அதான் சார் காத்த வடிகட்டும்."

அவர் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, தன் வண்டிக்கும் அப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்டு அனுப்பினாராம். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் இரண்டு பேரும் கொட்டகையில் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா எட்டிப் பார்த்து, "மொறம் காணோம்னு நான் வயிறு எரிஞ்சிகினு கீறேன், உங்களுக்கு இன்னாடி சிரிப்பு" என்றாள். அதற்கும் சிரித்தோம்.

அழைப்பு நாள் வந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அரை மைல் இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் நாயனமும் மேளமும், நடுவில் கார், அண்ணன் ஓட்ட, பக்கத்தில் பட்டு வேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளை. காருக்குப் பின்னாலேயே, வண்டி நிற்கிறதா என்று பார்ப்பதற்கென்றே பிறந்தவர் போல அவருடைய அம்மா நடந்து வந்தார். வழியில் நடந்ததையெல்லாம் பிற்பாடு என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பந்தயத்துக்குக் கண்டுபிடித்த பொருள் வேகத்தில்தான் வேலை செய்யும். காற்று எதிரே வந்தால்தானே உள்ளே போகும்? இதுவோ மேளக்காரர் நடை. நான்கு அடி வைப்பார்கள், நின்று வாசிப்பார்கள். யாராவது சால்வை போடுவார்கள், மறுபடி நின்று வாசிப்பார்கள். நிற்க நிற்க எஞ்சின் கொதித்தது. போதாததற்கு யாரோ ஒரு சம்பங்கி மாலையைக் கொண்டுவந்து அந்த வாயின் மேலேயே சாத்திவிட்டார்கள். காற்று போக இருந்த வழியும் அடைந்தது. ரேடியேட்டர் சின்னது என்று முதல் நாளே சொன்ன மனுஷன் பக்கத்திலேயே மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

பாதி வழியில் வாசனை வந்தது. சூடான வாணலியில் வெந்தயத்தைப் போட்டால் வருமே, அந்த வாசனை. ஊர்வலத்தில் வந்தவர்கள் எந்த வீட்டில் சாம்பார்ப் பொடி வறுக்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பானெட்டைப் பார்த்தார். மாலைக்குக் கீழேயிருந்து மெல்லிசாகப் புகை.

"மச்சான், இன்னா வெச்சிக்கீறீங்க உள்ள?"

"அப்பறம் சொல்றேன் மாப்ள."

"எரியுது மச்சான். நிறுத்துங்க."

"நிறுத்துனா உங்கம்மா உங்கள எறக்கிக் கூட்டினு பூடுவாங்க மாப்ள. எந்தங்கச்சி என்னை உயிரோட வுடமாட்டா."

என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தாராம். பிறகு எழுந்து நின்று, மேளக்காரரைப் பார்த்து, "கொஞ்சம் வேகமா போங்கண்ணே, முகூர்த்தம் தவறிடப் போவுது" என்றாராம். முகூர்த்தம் மறுநாள் காலையில். அண்ணன் ஹாரனை அழுத்தினான். நாயனக்காரர் திரும்பிப் பார்த்தார், புகையைப் பார்த்தார், ஓட்டமும் நடையுமாக வாசிக்க ஆரம்பித்தார்.

நான் மண்டபத்து மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமான மாப்பிள்ளை அழைப்பை நான் பார்த்ததில்லை. தவில்காரர் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாசித்தார். கியாஸ் லைட் தூக்கிய பெண்கள் ஓடினார்கள். மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓர் அடி பின்தங்காமல் வந்தார். வண்டி மண்டப வாசலில் வந்து நின்ற பிறகுதான் நின்றது. எனக்குப் போன மூச்சு வந்தது.

வந்த மூச்சு உடனே போனது. என் வீட்டுக்காரர் ஒரே தாண்டாகக் கீழே குதித்து, மேல்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பானெட்டைத் தூக்கிவிட்டார். ஆரத்தித் தட்டோடு அம்மா நேர் எதிரே நிற்கிறாள். பக்கத்தில் என் மாமியார். தூக்கிய பானெட்டின் உள்பக்கம், ஓட்டை நிறைய, வெந்தயப் பூச்சு கருகி, நீலக் கயிறோடு, முறம்.

மங்கல காரியத்துக்குப் போகிறவனுக்கு எதிரே துடைப்பமும் முறமும் வரக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். முறத்தால் அடிப்பேன் என்பது செருப்பால் அடிப்பேன் என்பதற்கு அடுத்தபடி. நாங்களோ மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராக அதைக் கட்டி, மாலை போட்டு, ஊர் பார்க்க அரை மைல் அழைத்து வந்திருக்கிறோம். மேளம் நின்றுவிட்டது.

"எம்மொறம்" என்றாள் அம்மா. ஆரத்தித் தண்ணீர் தட்டில் ஆடியது.

கூட்டத்தில் பக்கத்து வீட்டு அக்கா இருந்தாள். சண்டையில் இருந்தாலும் கல்யாணத்துக்கு வராமல் இருப்பாளா? "பாத்துக்கோங்கப்பா, யாரு வூட்ல கீதுன்னு எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க" என்றாள்.

அழைப்பின்போது பெண் கீழே வரக் கூடாது. நான் வந்தேன். படியில் இரண்டு பேரை இடித்துக்கொண்டு வந்து, மாமியார் முன்னால் நின்றேன். அண்ணன் வாயைத் திறந்தான், நான் விடவில்லை.

"நாந்தான் அத்தை எடுத்தேன். அண்ணன் வேணாம்னுதான் சொன்னான். வண்டி நிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க, அதுக்குத்தான் வெச்சேன். ஒட்டிகிச்சி, வரல. கூட்டினு போறதுன்னா இப்பவே போயிடுங்க, உள்ள வந்து போவாதீங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்கு அவர் வேண்டும். அது அந்தத் தெருவுக்கே தெரிந்துபோனது.

மாமியார் என்னைப் பார்க்கவே இல்லை. கிட்டே போய், பானெட்டுக்கு அடியில் கையை விட்டு, அந்த முறத்தைத் தொட்டார். சூடு. கையை எடுத்து, மறுபடியும் தொட்டார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"சம்மந்தியம்மா, எனக்கு இவனுக்கு முன்னாடி ரெண்டு தங்கல. மூணாவதா இவன் பொறந்த அன்னிக்கி, எம்மாமியா இவன மொறத்துல போட்டு, குப்பை மேட்டாண்ட வெச்சிட்டு வந்துட்டாங்க. எதுத்த வூட்டுக்காரி எடுத்துகினு வந்தா. அவகிட்ட ஒரு படி தவுடு குடுத்து எம்புள்ளய நான் வெலைக்கு வாங்கினேன். எமன் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு மூக்கு குத்தினேன். அந்த மொறத்த பத்தரமா வெச்சிருந்தேன், ஒரு மழையில கூரை வுழுந்து பூடுச்சி. இவன் கல்யாணத்துக்கு அது இல்லியேன்னு நேத்து ராத்திரிகூட நெனச்சேன்."

என் அண்ணன் மாப்பிள்ளையின் மூக்கைப் பார்த்தான், உடனே தரையைப் பார்த்தான். அவனுக்கு வெட்கம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அந்தத் தட்ட ஒத்தையா எடுக்காதீங்க" என்றார் மாமியார். "எதுத்த வூட்டுக்காரி, பக்கத்து வூட்டுக்காரி, யாரு இருக்காங்களோ அவங்களயும் சேத்துக்கோங்க." அம்மா திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து தட்டின் மறு விளிம்பைப் பிடித்தாள். பதினோரு நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் முதல்முதலாகப் பேசிக்கொண்டது, "தண்ணிய கொட்டிடாதடி" என்பது.

ஆரத்தி முடிந்து உள்ளே போகும்போது மாமியார் நின்று, "வண்டி நிக்கல. சொன்ன சொல்லு சொல்லுதான். ஆனா அந்த மொறம் எனக்கு வேணும்" என்றார். அண்ணனின் முகம் செத்துவிட்டது.

மறுநாள் தாலி கட்டி, சாப்பாடு முடிந்ததும் அவன் ஸ்பானரோடு வந்தான். நான்கு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் புருஷன் வீட்டுக்கு அந்தக் காரில்தான் போனேன். அவர் ஓட்டினார். பானெட்டில் ஓட்டை, என் மடியில் சிவப்பு பெயின்ட் அடித்த முறம். வழியனுப்பும்போது அண்ணன் அழுதான். தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் பார்த்துக்கொண்டிருந்தது என் மடியை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் அழுதேன்.

தலைதீபாவளிக்கு வந்தோம். கார் கொட்டகையில் நின்றது. ஓட்டையின் மேல் ஒரு சோற்றுப்பானை மூடியைக் கவிழ்த்துக் கம்பியால் கட்டியிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

"ஏண்ணா, ஓட்டைக்கு இன்னும் மூக்கு வெக்கலியா? ரெண்டு மாசமாவது. அம்மா புது மொறம் வாங்கி மாட்டிக்கீது. ரெசின் டப்பா பாதிக்கு மேல கீது. இன்னா கொறச்சல் உனுக்கு?"

அவன் சக்கரத்தின் பக்கம் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டே சொன்னான், "அச்சு எடுக்குறவளத்தான் கட்டிக்குடுத்தாச்சே."

என் பையில், பட்டறையில் கேட்டு வாங்கி வந்த மெழுகு இருந்தது, மூன்று கோட்டுக்குத் தாராளமாகக் காணும். வாசலில் அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு உட்கார்ந்து என் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் யாரும் இல்லை. நான் போய் ஆணியிலிருந்து முறத்தை எடுத்தேன்.